180 நிமிடக் கணக்கு: சாம்பியன்ஸ் லீக் நாக்-அவுட் எப்படி நடக்கிறது?

2025 ஏப்ரல் 15, இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் வில்லா பார்க் மைதானம், சாம்பியன்ஸ் லீக் கால்பந்து ஆட்டம். நடுவர் கடைசி விசிலை ஊதியபோது ஸ்கோர் பலகையில் ஆஸ்டன் வில்லா 3, பாரிஸ் செயின்ட் ஜெர்மைன் 2 என்று இருந்தது. வென்றது வில்லா. ஆனால் புல்தரையில் தலை குனிந்து நின்றவர்கள் வில்லா வீரர்கள். கட்டிப்பிடித்துக் கொண்டாடியவர்கள் பாரிஸ்காரர்கள்.

நம் ஊரில் அப்போது நள்ளிரவு தாண்டி இரண்டரை மணி. என்னோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அக்கா மகன், கிரிக்கெட் மட்டுமே பார்த்து வளர்ந்தவன், திரும்பிக் கேட்டான்: "ஜெயிச்சவங்க ஏன் மாமா சோகமா நிக்கிறாங்க?"

நியாயமான கேள்வி. சாம்பியன்ஸ் லீக்கைப் பற்றி நம்மிடையே பேச்சு நிறைய இருக்கிறது. ஆனால் அதில் பாதி காதுவழிச் செய்தி. "அவங்க டேபிள்ல ஃபர்ஸ்ட், கப் அவங்களுக்குத்தான்" என்பார் ஒருவர். "வெளியூர்ல போடுற கோல் ரெண்டு கோலுக்குச் சமம்" என்பார் இன்னொருவர். முதலாவது நடக்கலாம், நடக்காமலும் போகலாம். இரண்டாவது எந்தக் காலத்திலும் சரியாக இருந்ததில்லை. வர்ணனையாளர்களோ, பார்ப்பவருக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டு பேசுகிறார்கள். இந்தப் போட்டியின் அழகு முழுவதும் அந்தக் கணக்கில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். கணக்கு தெரியாமல் பார்ப்பவருக்கு நாடகத்தில் பாதி கிடைக்காமலே போய்விடும். அதனால் அடியிலிருந்தே தொடங்குவோம்.

லீக் வேறு, நாக்-அவுட் வேறு

பொங்கலுக்கு ஊரில் நடக்கும் கபடிப் போட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். 16 அணிகள் பெயர் கொடுக்கும். தோற்ற அணி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டி ஏறவேண்டியதுதான். 16 எட்டாகும், எட்டு நான்காகும், நான்கு இரண்டாகும். இதுதான் நாக்-அவுட்: ஒவ்வொரு சுற்றிலும் பாதிப் பேர் வெளியே.

லீக் என்பது இதற்கு நேர்மாறு. எல்லோருக்கும் ஒரே எண்ணிக்கையில் ஆட்டங்கள். வென்றால் 3 புள்ளி, சமன் செய்தால் 1, தோற்றால் 0. ஒரு நாள் சரியாக ஆடாவிட்டாலும் அடுத்த வாரம் ஈடுகட்டலாம். நாக்-அவுட்டில் அந்த அடுத்த வாரம் கிடையாது.

ஐரோப்பாவின் சிறந்த கிளப் எது என்று தீர்மானிக்கும் இந்தப் போட்டி 1955-ல் ஐரோப்பியக் கோப்பை என்ற பெயரில் தொடங்கியபோது முதல் சுற்றிலிருந்தே நாக்-அவுட்டாகத்தான் இருந்தது. 1956 ஜூனில் பாரிசில் நடந்த முதல் இறுதிப்போட்டியில் ரியல் மாட்ரிட் 4-3 என்று பிரான்சின் ரெய்ம்ஸ் அணியை வென்றது. 1992-ல் சாம்பியன்ஸ் லீக் என்று பெயர் மாறியது. இன்றைய போட்டி லீக்கில் தொடங்கி நாக்-அவுட்டில் முடிகிறது. பெயரில் லீக் இருந்தாலும் கோப்பையை யார் தூக்குவது என்பதை முடிவுசெய்வது நாக்-அவுட்தான்.

36 அணிகள், ஒரே பட்டியல்

2023-24 வரை 32 அணிகள் நான்கு நான்காகப் பிரிந்து எட்டுக் குழுக்களில் ஆடின. 2024-25 முதல் அது போய்விட்டது. இப்போது 36 அணிகளும் ஒரே பட்டியலில் இருக்கின்றன. ஒவ்வொரு அணிக்கும் எட்டு ஆட்டங்கள், எட்டும் வேறு வேறு எதிரணிகளோடு. நான்கு சொந்த மைதானத்தில், நான்கு வெளியூரில். இதற்கு லீக் கட்டம் என்று பெயர்.

அது முடிந்ததும் பட்டியல் மூன்றாகப் பிரியும். முதல் 8 இடங்களில் உள்ளவர்கள் நேரே 16 அணிகள் ஆடும் சுற்றுக்குப் போய்விடுவார்கள். 9 முதல் 24 வரை உள்ளவர்கள் அதற்கு முன்னால் இன்னொரு சுற்று ஆடி, அதில் வெல்லும் எட்டுப் பேர் வந்து சேர வேண்டும். இந்த இடைச்சுற்றுதான் நாக்-அவுட் பிளே-ஆஃப். 24-க்குக் கீழே இருப்பவர்களுக்கு அந்த ஆண்டு ஐரோப்பிய ஆட்டம் அதோடு முடிந்தது.

பிளே-ஆஃப் என்றவுடன் நமக்கு ஐபிஎல் நினைவுக்கு வரும். இங்கே கொஞ்சம் கவனம் வேண்டும். ஐபிஎல்லில் முதல் இரண்டு இடம் பிடித்த அணிகளுக்கு, ஒரு ஆட்டம் தோற்றாலும் இன்னொரு வாய்ப்பு உண்டு. சாம்பியன்ஸ் லீக்கில் அப்படி இல்லை. முதலிடம் வந்தவருக்கும் ஒரு சுற்று ஆடாமல் தப்பிக்கும் வசதி, கொஞ்சம் எளிதான எதிரணி கிடைக்கும் வாய்ப்பு போன்ற சலுகைகள்தான் பரிசு. அதன் பிறகு சறுக்கினால் அவரும் வெளியே.

2024-25 இதற்கு நல்ல சாட்சி. லீக் கட்டத்தில் லிவர்பூல் எட்டில் ஏழு ஆட்டங்களை வென்று முதலிடம் பிடித்தது. பாரிஸ் செயின்ட் ஜெர்மைன், எல்லோரும் சொல்வதுபோல் இனி பிஎஸ்ஜி, மூன்று ஆட்டங்களில் தோற்று 13 புள்ளிகளோடு 15-ஆம் இடத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. ஜனவரியில் மான்செஸ்டர் சிட்டியிடம் 0-2 என்று பின்தங்கியிருந்தபோது, பிளே-ஆஃபுக்கு வருமா என்பதே சந்தேகம். அதை 4-2 என்று திருப்பி வென்றுதான் உள்ளே நுழைந்தது. மே மாத இறுதியில் கோப்பையைத் தூக்கியது இந்த 15-ஆம் இட பிஎஸ்ஜி. முதலிட லிவர்பூல் 16 அணிகள் சுற்றோடு வெளியேறியது. வெளியேற்றியதும் பிஎஸ்ஜிதான்.

இனி இந்தக் கட்டுரை முழுவதும் அந்த ஆண்டின் பிஎஸ்ஜி பின்னாலேயே போவோம். ஒரு நாக்-அவுட்டில் என்னவெல்லாம் நடக்க முடியுமோ, கிட்டத்தட்ட எல்லாம் அவர்களுக்கு நடந்தது.

இதுவரை வந்தது: 36 அணிகள் லீக்காக ஆடுகின்றன. எட்டு நேரடியாகவும் எட்டு பிளே-ஆஃப் வழியாகவும் 16 அணிகள் சுற்றுக்கு வருகின்றன. அதன் பிறகு யார் வெல்வது என்பதில் லீக் புள்ளிகளுக்கு மதிப்பில்லை.

இரண்டு ஆட்டம், ஒரே கணக்கு

இப்போது அக்கா மகன் கேட்ட கேள்விக்கு வருவோம்.

பிளே-ஆஃபிலிருந்து அரையிறுதி வரை, மோதும் இரண்டு அணிகளும் ஒன்றோடொன்று இரண்டு முறை ஆடுகின்றன. ஒரு முறை இவர் ஊரில், ஒரு முறை அவர் ஊரில். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் லெக் என்று பெயர். இரண்டு லெக்கிலும் போட்ட கோல்களைக் கூட்டிப் பார்த்து, யாருக்கு அதிகமோ அவர் அடுத்த சுற்றுக்குப் போகிறார். இந்தக் கூட்டுத்தொகைதான் அக்ரிகேட். தமிழில் மொத்த ஸ்கோர் என்று சொல்லலாம், நானும் அப்படியே சொல்கிறேன்.

பள்ளியில் தமிழ் முதல் தாள், இரண்டாம் தாள் எழுதியவர்களுக்கு இது புதிதல்ல. இரண்டாம் தாளில் வகுப்பிலேயே அதிக மதிப்பெண் வாங்கியவன், முதல் தாளில் கோட்டை விட்டிருந்தால் மொத்தத்தில் பின்னால்தான் நிற்பான். டெஸ்ட் கிரிக்கெட் இன்னும் நெருக்கமான உதாரணம். இரண்டாம் இன்னிங்சில் யார் அதிகம் அடித்தார்கள் என்று யாரும் வெற்றியை முடிவு செய்வதில்லை. இரண்டு இன்னிங்ஸ் ஓட்டங்களையும் கூட்டித்தான் பார்க்கிறோம்.

வில்லா பார்க்கில் நடந்தது இதுதான். ஒரு வாரம் முன்பு பாரிசில் நடந்த முதல் லெக்கில் பிஎஸ்ஜி 3-1 என்று வென்றிருந்தது. வில்லா தன் ஊரில் 3-2 என்று வென்றது. கூட்டினால் பிஎஸ்ஜி 5, வில்லா 4. அன்றைய ஆட்டத்தை வென்றும் ஒரு கோலில் வில்லா வெளியேறியது.

இன்னொரு படி ஆழமாகப் போகலாம். அன்று முதல் அரைமணி நேரத்துக்குள்ளேயே பிஎஸ்ஜி இரண்டு கோல் போட்டுவிட்டது. மொத்த ஸ்கோர் 5-1. அத்தோடு கதை முடிந்தது என்று பலர் தூங்கப் போயிருப்பார்கள். இடைவேளைக்கு முன் வில்லா ஒன்றைத் திருப்பியது. இரண்டாம் பாதியில் இரண்டு நிமிட இடைவெளியில் மேலும் இரண்டு. 5-4. மைதானமே எழுந்து நின்றது. இன்னும் ஒன்று விழுந்தால் சமம். முப்பது நிமிடங்களுக்கு மேல் மிச்சம் இருந்தது. பிஎஸ்ஜியின் கோல்கீப்பர் டொன்னாரும்மா ஒவ்வொரு பந்தாகத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தார். பலகையில் வில்லா முன்னிலை. வில்லா ரசிகர் முகத்தில் பதற்றம். மொத்த ஸ்கோரை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால்தான் அந்த முகங்களின் அர்த்தம் புரியும்.

ஆகவே நான் சொல்ல விரும்பும் ஒரே விஷயம் இதுதான்: இரண்டு லெக்கும் சேர்ந்து ஒரே ஆட்டம். 90 நிமிடம் இங்கே, 90 நிமிடம் அங்கே, நடுவில் ஒரு வாரமோ சற்றுக் கூடுதலோ நீளும் இடைவேளை. மொத்தம் 180 நிமிடங்கள். இதைப் பிடித்துக்கொண்டால் மற்ற விதிகள் எல்லாம் தானாகவே இடத்தில் உட்காரும்.

180 நிமிடம் என்பதால்தான் பெரிய மீட்சிகளும் நடக்கின்றன. 2019 அரையிறுதியில் லிவர்பூல் பார்சிலோனாவில் 0-3 என்று தோற்றது. ஒரு லீக் ஆட்டமாக இருந்தால் அது வெறும் தோல்வி, புள்ளி போயிற்று, அவ்வளவுதான். இங்கே அது பாதிவழி ஸ்கோர். மே 7 அன்று தன் மைதானமான ஆன்ஃபீல்டில் லிவர்பூல் 4-0 என்று வென்று, மொத்தம் 4-3 என்று இறுதிக்குப் போனது. 2022 அரையிறுதியில் ரியல் மாட்ரிட் முதல் லெக்கை மான்செஸ்டர் சிட்டியிடம் அதன் ஊரில் 3-4 என்று இழந்தது. மாட்ரிட்டில் நடந்த இரண்டாம் லெக்கில் சிட்டி முதல் கோலைப் போட்டது. மொத்தம் 3-5. கடிகாரம் 90-ஐத் தொடும் நேரத்தில் ரியலின் ரோட்ரிகோ ஒன்று போட்டார். அடுத்த நிமிடமே இன்னொன்று. 5-5. கூடுதல் நேரத்தில் பென்சிமாவின் பெனால்டியோடு 6-5. அதை நேரலையில் பார்த்த இரவை நான் இன்னும் மறக்கவில்லை.

இன்னொரு விளைவும் உண்டு. முதல் லெக்கில் 2-0 என்று முன்னிலையில் இருக்கும் அணி கடைசிப் பத்து நிமிடம் என்ன செய்கிறது என்று கவனியுங்கள். மூன்றாவது கோலுக்குப் போவதா, இரண்டைக் காப்பாற்றுவதா? டெஸ்டில் டிக்ளேர் செய்யும் கேப்டனுக்கு வரும் அதே யோசனை. எதிரணிக்கு அடுத்த வாரம் எவ்வளவு இலக்கு வைக்கிறோம் என்பதே அவர்கள் மனதில் ஓடும்.

வெளியூர் கோல்: இருந்தது, இப்போது இல்லை

180 நிமிடம் முடிந்தும் மொத்த ஸ்கோர் சமமாக இருந்தால்? இந்தக் கேள்விக்குப் பதில் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. குழப்பம் அதிகம் இருப்பதும் இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ஆரம்ப காலத்தில் மூன்றாவதாக ஒரு ஆட்டம் பொதுவான ஊரில் வைத்தார்கள். அதுவும் சமன் என்றால் டாஸ். 1965-ல் லிவர்பூலும் ஜெர்மனியின் கொலோன் அணியும் காலிறுதியில் மோதின. இரண்டு லெக்கும் 0-0. ராட்டர்டாமில் மூன்றாவது ஆட்டம் 2-2. நடுவர் சுண்டிய வட்டு சேற்றில் குத்திக்கொண்டு செங்குத்தாக நின்றுவிட்டது. மறுபடி சுண்டினார்கள். லிவர்பூல் போனது. 300 நிமிடம் ஓடி ஆடிய வீரர்களின் தலையெழுத்தைச் சேற்றில் விழும் வட்டு முடிவு செய்வது கொடுமைதான்.

அதே 1965-ல் ஐரோப்பாவின் இன்னொரு கிளப் போட்டியான கோப்பை வென்றோர் கோப்பையில் ஒரு புது விதி வந்தது. சில ஆண்டுகளில் ஐரோப்பியக் கோப்பைக்கும் அது பரவியது. அதுதான் அவே கோல் விதி: மொத்த ஸ்கோர் சமமாக இருந்தால், எதிரணியின் ஊரில் யார் அதிகக் கோல் போட்டாரோ அவருக்கே வெற்றி.

"சமமாக இருந்தால்" என்ற அந்த வார்த்தையைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். அதிலிருந்துதான் "ரெண்டு கோலுக்குச் சமம்" என்ற பேச்சு பிறந்தது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் லெக்கில் சிவப்பு அணி தன் ஊரில் 3-1 என்று வெல்கிறது. இரண்டாம் லெக்கில் நீல அணி தன் ஊரில் 1-0 என்று வெல்கிறது. மொத்தம் சிவப்பு 3, நீலம் 2. சிவப்பு போகிறது, பேச்சே இல்லை. வெளியூர் கோலை இரண்டாக எண்ணினால் நீலத்துக்கு 3 வந்து சமமாகியிருக்கும். அப்படி எந்த நாளும் எண்ணியதில்லை. அது சமநிலையை உடைக்கும் கருவி மட்டுமே.

ஆனால் அந்தக் கருவிக்கு நல்ல கூர்மை இருந்தது. 2017-ல் பிஎஸ்ஜி பாரிசில் பார்சிலோனாவை 4-0 என்று வீழ்த்தியது. பார்சிலோனா தன் ஊரில் 3-0 வரை வந்துவிட்டது. இன்னும் ஒன்று போட்டால் சமம். அப்போது பிஎஸ்ஜியின் கவானி ஒரு கோல் போட்டார். மொத்தம் 3-5. சமன் செய்ய இரண்டு கோல் போதும்தானே? போதாது. 5-5 என்று முடிந்தால் பார்சிலோனாவில் போட்ட அந்த ஒரு கோலால் பிஎஸ்ஜி போய்விடும். ஆகவே மூன்று வேண்டும். 88-ஆவது நிமிடத்துக்கு மேல் அந்த மூன்றும் விழுந்தன. கடைசியாக, 95-ஆவது நிமிடத்தில் போட்டவர் செர்ஜி ரோபர்ட்டோ. 6-1, மொத்தம் 6-5.

2019 அரையிறுதியில் அஜாக்ஸும் டாட்டன்ஹாமும் மொத்தம் 3-3. டாட்டன்ஹாமின் மூன்றும் அஜாக்ஸின் ஊரான ஆம்ஸ்டர்டாமில் லூகாஸ் மோரா போட்டவை, மூன்றாவது 96-ஆவது நிமிடத்தில். அதனால் இறுதிக்குப் போனது டாட்டன்ஹாம்.

விநோதமும் நடந்தது. 2003 அரையிறுதியில் ஏசி மிலனும் இன்டர் மிலனும் மோதின. இரண்டும் ஒரே ஊர் அணிகள், இரண்டுக்கும் ஒரே சான் சிரோ மைதானம். முதல் லெக் 0-0, இரண்டாவது 1-1. இரண்டாம் லெக் காகிதத்தில் இன்டருடைய சொந்த ஆட்டம் என்பதால், ஏசி மிலனின் கோல் வெளியூர் கோல் ஆயிற்று. தன் வீட்டிலேயே வெளியூர்க்காரராகி மிலன் இறுதிக்குப் போனது.

இந்த விதி ஏன் வந்தது? அந்தக் காலத்தில் வெளிநாட்டுப் பயணம் கடினம், மைதானங்கள் ஒன்றுக்கொன்று மிகவும் மாறுபட்டவை. வெளியூர் போகும் அணி கோல் போஸ்ட் முன்னால் சுவர் கட்டி நின்றுவிடும். துணிந்து தாக்குவதற்கு ஒரு பரிசு கொடுப்போம் என்று நினைத்தார்கள். போகப் போக அது தலைகீழானது. சொந்த ஊரில் ஆடும் அணி, ஒரு கோல் வாங்கிவிட்டால் என்ன ஆகும் என்று பயந்து முதல் லெக்கில் பதுங்க ஆரம்பித்தது. சொந்த ஊர் சாதகமும் கரைந்துகொண்டே வந்தது. 1970-களின் நடுவிலிருந்து சொந்த ஊர் வெற்றிகள் 61 சதவீதத்திலிருந்து 47 சதவீதமாகக் குறைந்ததையும், வெளியூர் வெற்றிகள் 19-லிருந்து 30 சதவீதமாக ஏறியதையும் ஐரோப்பியக் கால்பந்தை நிர்வகிக்கும் யூஃபா அமைப்பே எடுத்துக்காட்டியது. கூடுதல் நேரத்தில் வேறு ஒரு அநியாயம்: இரண்டாம் லெக்கின் விருந்தாளிக்கு வெளியூர் கோல் போட 120 நிமிடம் கிடைக்கும், மற்றவருக்கு முதல் லெக்கின் 90 நிமிடம்தான்.

2021 ஜூனில் யூஃபா இந்த விதியை எடுத்துவிட்டது. 2021-22 முதல் எந்த ஊரில் போட்டாலும் கோல் கோல்தான்.

மேலே சொன்ன 2022 மாட்ரிட் இரவை இப்போது திரும்பப் பாருங்கள். 90 நிமிட முடிவில் 5-5. பழைய விதி இருந்திருந்தால் ரியலுக்கு மான்செஸ்டரில் போட்ட மூன்று, சிட்டிக்கு மாட்ரிட்டில் போட்ட ஒன்று. ரோட்ரிகோவின் இரண்டாவது கோலே சிட்டியை வீழ்த்தியிருக்கும். விதி போனதால் சிட்டிக்கு இன்னும் அரைமணி நேரம் கிடைத்தது. நல்ல மாற்றம் என்றே நினைக்கிறேன். கவானியின் கோல் ஒரு மைதானத்தையே ஊமையாக்கிய மாதிரித் தருணங்கள் இனி வராது என்பதில் கொஞ்சம் வருத்தமும் உண்டு.

கூடுதல் நேரம், அப்புறம் பெனால்டி

இன்றைய விதி எளிது. மொத்த ஸ்கோர் சமமாக இருந்தால் இரண்டாம் லெக்கின் முடிவில் அங்கேயே 15, 15 நிமிடமாக 30 நிமிடக் கூடுதல் நேரம். காயம், தாமதத்துக்காக நடுவர் சேர்க்கும் மூன்று நான்கு நிமிடங்களோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது ஒவ்வொரு பாதியின் வாலிலும் வருவது. இது தனி ஆட்டப் பகுதி. முதல் கோல் விழுந்தவுடன் முடியாது, 30 நிமிடமும் முழுதாக ஆடுவார்கள்.

இரண்டாம் லெக் சமனில் முடிந்தால்தான் கூடுதல் நேரம் என்று நினைப்பவர்கள் உண்டு. பிஎஸ்ஜி–லிவர்பூல் மோதலைப் பாருங்கள். 2025 மார்ச் 5 அன்று பாரிசில் பிஎஸ்ஜி அலை அலையாகத் தாக்கியது. லிவர்பூல் கோல்கீப்பர் அலிசன் அத்தனையையும் தடுத்தார். 87-ஆவது நிமிடத்தில், அப்போதுதான் உள்ளே வந்த ஹார்வி எலியட் ஒரு கோல் போட, லிவர்பூல் 1-0. ஆறு நாள் கழித்து ஆன்ஃபீல்டில் டெம்பேலே கோல் போட, பிஎஸ்ஜி 1-0. இரண்டு ஆட்டத்திலும் ஒருவர் வென்றார், ஒருவர் தோற்றார். ஒன்றுகூட சமன் இல்லை. மொத்தம் 1-1, ஆகவே கூடுதல் நேரம்.

அதிலும் கோல் விழவில்லை. அடுத்தது பெனால்டி ஷூட்-அவுட்: கோல்கீப்பர் மட்டும் எதிரே நிற்க, அணிக்கு ஐந்து உதை, மாறி மாறி. ஐந்திலும் சமம் என்றால் ஒன்றுக்கு ஒன்று, யாராவது தவறும் வரை. எட்டிப் பிடிக்க முடியாத முன்னிலை வந்துவிட்டால் ஐந்து வரை காத்திருக்க வேண்டாம். அன்று டொன்னாரும்மா இரண்டு உதைகளைத் தடுத்தார். பிஎஸ்ஜி தன் நான்கையும் உள்ளே தள்ளியதும் 4-1 என்று முடிந்துவிட்டது. மீதமிருந்த இரண்டையும் போட்டாலும் லிவர்பூலுக்கு 3-தான் வரும். இந்த 4-1 மொத்த ஸ்கோரில் சேராது. பதிவேட்டில் மோதல் 1-1 என்றே இருக்கும், "பெனால்டியில் 4-1" என்று பக்கத்தில் எழுதுவார்கள்.

ஐரோப்பியக் கோப்பையின் முதல் ஷூட்-அவுட் 1970 நவம்பரில், எவர்டனுக்கும் ஜெர்மனியின் மோன்ஷன்கிளாட்பாக்குக்கும் நடுவே நடந்தது. எவர்டன் 4-3 என்று வென்றது. ஷூட்-அவுட்டை லாட்டரி என்று சொல்பவர்களை நான் ஒப்புக்கொள்வதில்லை. உதைப்பவரின் கால், கோல்கீப்பரின் கண், இரண்டு பேரின் நெஞ்சுறுதி, இவைதானே அங்கே மோதுகின்றன? சேற்றில் நின்ற அந்த வட்டோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ நியாயம்.

ஆனாலும் கொடூரம் இல்லாமல் இல்லை. லிவர்பூல் தோற்ற மறுநாள் ஆட்லெட்டிகோ மாட்ரிட்டின் ஹூலியன் ஆல்வரெஸ் உதைக்கும்போது வழுக்கினார். பந்து வலைக்குள் போனது. ஆனால் அவருடைய இரண்டு காலும் பந்தில் பட்டதை வீடியோ நடுவர் கண்டுபிடிக்க, கோல் செல்லாது என்றார்கள். ரியல் மாட்ரிட் அந்த ஷூட்-அவுட்டை 4-2 என்று வென்றது. சில மாதங்களில் விதிகளை வகுக்கும் குழு தெளிவுபடுத்தியது: தவறுதலாக இரண்டு முறை பட்டு கோல் விழுந்தால், இனி மறுபடி உதைக்கவேண்டும். ஆட்லெட்டிகோவுக்கு அது ஆறுதலாகாது.

இதுவரை வந்தது: 180 நிமிடக் கோல்களைக் கூட்டு. சமம் என்றால் 30 நிமிடம். அதிலும் சமம் என்றால் பெனால்டி. வெளியூர் கோலுக்குத் தனி மதிப்பு இப்போது இல்லை.

யாரோடு யார்: குலுக்கல்

நம் பேச்சில் டிரா என்ற ஒரே சொல் இரண்டு வேலை செய்கிறது. ஆட்டம் சமனில் முடிந்தாலும் டிரா, யாரோடு யார் மோதுவது என்று சீட்டு எடுத்தாலும் டிரா. இரண்டாவதைக் குலுக்கல் என்றே சொல்லிவிடுகிறேன்.

குலுக்கல் என்றாலும் முழுக்க அதிர்ஷ்டம் இல்லை. லீக் கட்டத்தில் வந்த இடம்தான் பெரும்பாலும் வழியைத் தீர்மானிக்கிறது. 15, 16-ஆம் இடத்தவர் பிளே-ஆஃபில் 17 அல்லது 18-ஐத்தான் சந்திப்பார்கள். அதில் வெல்பவர்கள் முதல் இரண்டு இடத்தவரைச் சந்திப்பார்கள். பிஎஸ்ஜி 15-ஆக முடித்தபோதே, பிளே-ஆஃபைத் தாண்டினால் லிவர்பூலோ பார்சிலோனாவோதான் காத்திருக்கும் என்று தெரிந்துவிட்டது. 16 அணிகள் சுற்றுக்கான குலுக்கல் முடிந்ததும் இறுதி வரைக்கும் பாதை வரைந்தாயிற்று, காலிறுதிக்கு வேறு குலுக்கல் கிடையாது. நாக்-அவுட்டில் ஒரே நாட்டு அணிகளும் மோதலாம். பிஎஸ்ஜியின் பிளே-ஆஃப் எதிரி பிரான்சின் பிரெஸ்ட் அணிதான். 3-0, 7-0, மொத்தம் 10-0.

பட்டியலில் மேலே இருப்பவருக்கு இன்னொரு சலுகை, இரண்டாம் லெக் சொந்த ஊரில். கூடுதல் நேரமும் பெனால்டியும் வந்தால் தன் ரசிகர் முன்னால் ஆடலாம். 2025-26 முதல் இந்தச் சலுகை காலிறுதி, அரையிறுதி வரை நீள்கிறது. உதவும்தான், ஆனால் காப்பாற்றும் என்று சொல்ல முடியாது. லிவர்பூல் ஆன்ஃபீல்டில்தானே வெளியேறியது?

இறுதிப்போட்டி மட்டும் ஒற்றை ஆட்டம்

இறுதிக்கு லெக் கிடையாது. முன்கூட்டியே முடிவு செய்த பொது மைதானத்தில் ஒரே ஆட்டம். சமம் என்றால் கூடுதல் நேரம், பெனால்டி. ஊர் முன்பே முடிவாகிவிடுவதால் சில சமயம் பொது மைதானம் யாருக்காவது சொந்த மைதானமாக அமைந்துவிடும். 2012-ல் பயர்ன் மியூனிக் தன் மைதானத்திலேயே இறுதி ஆடி, பெனால்டியில் செல்சியிடம் தோற்றது. 2025 இறுதியும் அதே மியூனிக்கில்தான். அரையிறுதியில் ஆர்சனலை 1-0, 2-1 என்று தாண்டி வந்த பிஎஸ்ஜி, அங்கே இன்டர் மிலனை 5-0 என்று நொறுக்கியது. இந்தப் போட்டியின் இறுதிகளில் அதுவே மிகப் பெரிய வித்தியாசம்.

இரவு விழிக்கப் போகிறவர்களுக்கு

பெரும்பாலான ஆட்டங்கள் மத்திய ஐரோப்பிய நேரப்படி இரவு 9 மணிக்கு. நமக்கு அது பிப்ரவரி, மார்ச்சில் அதிகாலை 1:30. மார்ச் கடைசி ஞாயிறன்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளியதும் 12:30. செவ்வாய் ஆட்டம் என்று போட்டிருந்தால் நமக்கு அது புதன் பிறந்த பிறகு, தேதியைத் தவறாகக் குறித்துக்கொள்ளாதீர்கள். மூன்று மஞ்சள் அட்டை சேர்ந்தால் ஒரு ஆட்டம் தடை என்பதையும், காலிறுதி முடிந்ததும் பழைய மஞ்சள்கள் அழிக்கப்படும் என்பதையும் நினைவில் வையுங்கள். காலிறுதி இரண்டாம் லெக்கில் சிலர் ஏன் அவ்வளவு அடக்கமாக ஆடுகிறார்கள் என்பது புரியும்.

அதே 2025-ல் இன்டரும் பார்சிலோனாவும் அரையிறுதியில் மோதின. முதல் லெக் 3-3. மிலனில் நடந்த இரண்டாம் லெக்கிலும் அக்கா மகன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். இடைவேளையில் இன்டர் 2-0. பார்சிலோனா இரண்டையும் திருப்பியது. 87-ஆவது நிமிடத்தில் ரஃபின்யா போட்டு 3-2. கடிகாரம் 90-ஐத் தாண்டி ஓடியது. அப்போது, 37 வயது தடுப்பாட்டக்காரர் அச்செர்பி, அந்த நேரத்தில் எதிரணியின் கோல் வாயில் அவருக்கு என்ன வேலை என்று கேட்கத் தோன்றும் இடத்தில் நின்று, பந்தை வலைக்குள் அடித்தார். திரையில் 3-3. பையன் திரையைப் பார்க்கவில்லை, விரலை மடக்கிக்கொண்டிருந்தான்.

"ஆறுக்கு ஆறு மாமா. இன்னும் அரைமணி நேரம் இருக்கு" என்றான்.